காண்போர் பலர், காட்சி ஒன்று

கற்றல் நோக்கங்கள்

இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள்,
• புகழ்பெற்ற கலைக் கண்காட்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வழங்கப்படும் முறைகளை அறிவர்.
• குறைவாக உள்ள ஒன்றைப் பலருக்கு நேர்மையாகப் பகிர்வது எவ்வாறு எனச் சிந்திப்பர்.
• திணை, எண் ஆகியவற்றுக்கு ஏற்ற வினைமுற்றுகளைப் பயன்படுத்துவர்.

நுழையும்முன்

கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்ல விரும்பும் குடும்பங்கள், தொடர்வண்டி முன்பதிவு தொடங்கும் நாளை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றன. முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இருக்கைகள் தீர்ந்துவிடுகின்றன. காத்திருப்போர் பட்டியல் நீள்கிறது. இருக்கைகள் சில, பயணிகளோ பலர். ஓவியக் கண்காட்சிகளிலும் இதே நிலை ஏற்படுவதுண்டு. அத்தகைய கண்காட்சிகள் சிலவற்றைப் பற்றி இப்பாடம் கூறுகிறது.

சிறிய ஓவியங்களும் பெரிய கூட்டமும்

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர் யோகான்னஸ் வெர்மீர். 1675ஆம் ஆண்டு, தம் நாற்பத்து மூன்றாம் அகவையில் அவர் மறைந்தார். அவர் வரைந்தவை என அறிஞர் பலர் ஏற்கும் ஓவியங்களுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 37 மட்டுமே. பால் ஊற்றும் பணிப்பெண், கடிதம் படிக்கும் பெண், பின்னல் வேலையில் ஆழ்ந்திருக்கும் பெண் என வீட்டினுள் நிகழும் எளிய செயல்களையே அவர் பெரும்பாலும் வரைந்தார். சன்னல் வழியே வரும் ஒளி, சுவரிலும் துணியிலும் பாத்திரத்திலும் படர்வதை அவரைப் போல வரைந்தோர் மிகச் சிலரே.

அவருடைய ஓவியங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பல அருங்காட்சியகங்களில் அவை பிரிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று 1990ஆம் ஆண்டு பாஸ்டன் நகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடப்பட்டது. அது இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்நிலையில், ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ்மியூசியம் என்னும் தேசிய அருங்காட்சியகம் ஓர் அரிய முயற்சியை மேற்கொண்டது. பல நாடுகளிலிருந்து இரவலாகப் பெற்று, வெர்மீரின் 28 ஓவியங்களை ஒருங்கே காட்சிக்கு வைத்தது. இக்கண்காட்சி 2023 பிப்ரவரி 10 முதல் ஜூன் 4 வரை நடைபெற்றது. அதற்குமுன் அவருடைய ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் கூடியதில்லை.

கண்காட்சி தொடங்கிய சில நாள்களிலேயே நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அருங்காட்சியகம் மாலை நேரத்தில் கூடுதலாகத் திறந்திருக்க முடிவு செய்து, மேலும் சீட்டுகளை வெளியிட்டது. அவையும் விரைவில் தீர்ந்தன. இணையத்தில் சிலர் தம் சீட்டுகளைப் பன்மடங்கு விலைக்கு விற்க முயன்றனர். இறுதியில் ஆறரை இலட்சம் பேர் அக்கண்காட்சியைக் கண்டனர்.

ஆறரை இலட்சம் என்பது பெரிய எண்ணிக்கையே. எனினும், அருங்காட்சியகம் விரும்பியிருந்தால் அதைவிடப் பலரை உள்ளே விட்டிருக்க இயலும். அவ்வாறு செய்யாததற்குக் காரணம் ஓவியங்களின் அளவே ஆகும். ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தின் உயரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அகலம் 41 சென்டிமீட்டர். ‘பின்னல் பின்னும் பெண்’ ஓவியமோ ஏ4 தாளைவிடவும் சிறியது. இத்தகைய ஓவியத்தின்முன் ஒரே வேளையில் மூவரோ நால்வரோதாம் நின்று நன்றாகப் பார்க்க இயலும். ஐம்பது பேர் கூடினால், பின்னால் நிற்பவர் காண்பது முன்னால் நிற்பவரின் தலைகளையே. ஆகவே, சீட்டின் எண்ணிக்கையைக் குறைப்பது சிலரை வெளியே நிறுத்துகிறது. கூட்டுவதோ எல்லாரையும் உள்ளே விட்டும் எவரையும் காணவிடாமல் செய்கிறது.

கணக்கிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 7 முதல் மார்ச் 4 வரை, லியனார்டோ டா வின்சியின் மோனலிசா ஓவியம் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த 26 நாள்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைக் கண்டனர். அதாவது, நாளொன்றுக்குச் சராசரியாக நாற்பதாயிரம் பேர். ஆம்ஸ்டர்டாமில் 115 நாள்களில் ஆறரை இலட்சம் பேர் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,650 பேர். முன்னதில் கண்டோர் மிகப் பலர்; பின்னதில் நின்று கண்டோர் பலர்.

வரிசையில் நின்ற காலம்

நேரம் குறித்த நுழைவுச்சீட்டு பரவலாவதற்குமுன், கண்காட்சிகளில் நுழைவை ஒழுங்கு செய்தது நீண்ட வரிசையே. எகிப்து அரசர் துத்தன்காமூனின் கல்லறை 1922ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பொன்விழாவை ஒட்டி, 1972ஆம் ஆண்டு இலண்டன் நகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அக்கல்லறையின் 50 அரும்பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. மார்ச் மாத இறுதியில் தொடங்கி ஆண்டின் இறுதிவரை நடந்த அக்கண்காட்சியை ஏறத்தாழ 17 இலட்சம் பேர் கண்டனர். அரசரின் பொன் முகமூடியைக் காண மக்கள் பல மணி நேரம் தெருவில் நின்றனர். கிடைத்த வருவாய், எகிப்தின் ஃபிலே தீவுக் கோயில்களை நீரில் மூழ்காமல் காக்கும் பணிக்கு வழங்கப்பட்டது.

வரிசையில் செல்வரும் வறியவரும் ஒன்றாகவே நிற்கின்றனர். முதலில் வந்தவர் முதலில் நுழைகிறார். ஆயினும், எட்டு மணி நேரம் நிற்கும் வலிமை முதியவருக்கு இல்லை. கைக்குழந்தையுடன் வருபவருக்கு அது இயலாது. அன்றாடக் கூலிக்கு உழைப்பவர் ஒரு நாள் ஊதியத்தை இழக்க நேரும். எல்லாருக்கும் ஒரே வரிசை என்பதனால், எல்லாருக்கும் ஒரே சுமை என்று ஆகிவிடாது.

பனியில் காத்திருந்தோர்

வெர்மீரின் ஓவியங்கள் பெருந்திரளாகக் கூடியது 2023இல் மட்டுமன்று. 1995ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடத்தில் அவருடைய 21 ஓவியங்களைக் கொண்ட கண்காட்சி தொடங்கியது. நுழைவுக் கட்டணம் இல்லை. நேரம் குறித்த இலவசச் சீட்டு மட்டுமே வேண்டும்.

தொடங்கிய இரண்டே நாள்களில் ஓவியக்கூடம் மூடப்பட்டது. அமெரிக்க அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் உடன்பாடு ஏற்படாததால், அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் பல செயல்படாமல் நின்றன. சில நாள்களில் மீண்டும் திறந்த கூடம், டிசம்பர் நடுவில் அதே காரணத்தால் மறுபடியும் மூடப்பட்டது. தனியார் நன்கொடையைக் கொண்டு அக்கண்காட்சி மட்டும் சில நாள்கள் திறக்கப்பட்டது. சனவரியில் பெரும் பனிப்புயல் வீசி நகரையே முடக்கியது. மூடிய நாள்கள் கூடக் கூட, எஞ்சிய நாள்களில் கூட்டம் பெருகியது. அன்றைய சீட்டைப் பெறுவதற்காக மக்கள் விடியலுக்கு முன்னரே கடுங்குளிரில் வந்து நின்றனர். 1996 பிப்ரவரி 11 அன்று கண்காட்சி முடிந்தபோது, 3,27,000க்கும் மேற்பட்டோர் அதைக் கண்டிருந்தனர்.

சீட்டு இலவசம், ஆனால், அதற்கு உறக்கத்தையும் உடல்நலத்தையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் வாங்காத இடத்தில் வேறொன்று விலையாகிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

நான்கு வழிகள்

பலர் விரும்பும் ஒன்று சிலருக்கே கிடைக்கும் என்னும் நிலையில், அதைப் பகிர்வதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது வரிசை. இது பொறுமையும் நேரமும் உடையவருக்கு உதவுகிறது.

இரண்டாவது விலை. கட்டணத்தை உயர்த்தினால் கூட்டம் குறையும். ஆனால், கலையைக் காணும் வாய்ப்பு பணமுள்ளவரிடமே தங்கிவிடும். இதனைத் தவிர்க்க அருங்காட்சியகங்கள் பல சலுகை அளிக்கின்றன. ரைக்ஸ்மியூசியத்தில் 18 அகவைக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது நேரம் குறித்த முன்பதிவு. காலை பத்து மணிக்கு இத்தனை பேர், பத்தரை மணிக்கு இத்தனை பேர் என நாளைக் கூறுகளாகப் பிரித்துச் சீட்டு வழங்குவர். தெருவில் நிற்கும் துன்பம் இதனால் நீங்குகிறது. உள்ளே நெரிசலும் குறைகிறது. எனினும், வரிசை மறைந்துவிடவில்லை. அது தெருவிலிருந்து கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது. விரைவான இணைய இணைப்பும், வங்கி அட்டையும், செய்தியை முன்னரே அறியும் வாய்ப்பும் உடையவர் இவ்வரிசையில் முன்னால் நிற்கின்றனர்.

நான்காவது குலுக்கல். விண்ணப்பித்தவர் அனைவரின் பெயர்களிலிருந்தும் சிலவற்றைக் குருட்டடியாகத் தேர்ந்தெடுப்பர். இலண்டனில் நடைபெறும் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்கான சீட்டுகளில் ஒரு பகுதி நெடுங்காலமாக இம்முறையில் வழங்கப்படுகிறது. இதில் முந்தியவர், பிந்தியவர், செல்வர், வறியவர் என்னும் வேறுபாடு இல்லை. ஆனால், மிகவும் விரும்பியவருக்குக் கிடைக்காமல், ஓரளவே விரும்பியவருக்குக் கிடைப்பதும் உண்டு.

குலுக்கல் முறை தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை விளக்குகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆனால், எவர் பெயரையும் குடத்தில் இடவில்லை. அகவை, நிலவுடைமை, கல்வி, ஒழுக்கம் முதலிய தகுதிகளை முதலில் ஆராய்ந்தனர். தகுதியுடையோர் பலராக இருக்கும்போது, அவர்களுள் ஒருவரைப் பக்கச்சார்பின்றித் தெரிவதற்கே குடம் பயன்பட்டது. ஓவியத்தைக் காண விரும்புவோருக்கு விருப்பம் ஒன்றே தகுதி. ஆதலால், அங்கும் குடவோலையின் நேர்மை பொருந்துகிறது.

இந்நான்கனுள் குறையற்றது என ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்கு வழிவிட்டு, வேறொருவரை வெளியே நிறுத்துகிறது. ஆகவே, அருங்காட்சியகங்கள் இவற்றைக் கலந்தே கையாள்கின்றன. பெரும்பகுதிச் சீட்டுகளை முன்பதிவில் விற்பர். சிறார்க்குக் கட்டணத்தை நீக்குவர். பள்ளிக் குழுக்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்குவர்.

சீட்டுப் பெற விரும்புவோர் அறிய வேண்டியவை

சீட்டு விற்பனை தொடங்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். கண்காட்சி தொடங்கும் நாள் வேறு. விற்பனை தொடங்கும் நாள் வேறு. அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலோ, அதன் சாளரத்திலோ மட்டும் வாங்க வேண்டும். பிறர் மறுவிற்பனை செய்யும் சீட்டு போலியாக இருக்கலாம். உண்மையானதாயினும், அதை வாங்குவது கள்ளச்சந்தையை வளர்க்கும். ஞாயிற்றுக்கிழமையைவிட வேலைநாளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. செல்ல இயலாதவர் சீட்டைத் திருப்பித்தரும் வசதி இருப்பின், அவ்வாறு செய்வது அறம். அவ்விடம் மற்றொருவருக்குக் கிடைக்கும்.

சீட்டு கிடைத்த நாளும் முக்கியம். ஹேக் நகர அருங்காட்சியகம் இரவலாகத் தந்த ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ என்னும் புகழ்பெற்ற ஓவியம், 2023 மார்ச் 30 வரை மட்டுமே ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வந்தவர்கள் அதைக் காணவில்லை. எந்தப் பொருள் எந்நாள்வரை இருக்கும் என்பதைப் படித்தறிந்தே நாளைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

சீட்டு கிடைக்காதவர் நிலை

கண்காட்சி என்பது பொருள்களின் கூட்டம். கூட்டம் கலைந்தாலும் பொருள்கள் அழிவதில்லை. 2023 ஜூன் மாதத்துக்குப்பின் வெர்மீரின் ஓவியங்கள் தத்தம் இடங்களுக்குத் திரும்பின. ‘பால் ஊற்றும் பெண்’ உள்ளிட்ட நான்கு ஓவியங்கள் ரைக்ஸ்மியூசியத்துக்கே உரியவை. ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஹேக் நகரில் இருக்கிறாள். சீட்டுக் கிடைக்காமல் திரும்பியவர்கள் இழந்தது 28 ஓவியங்களை ஒருசேரக் காணும் வாய்ப்பை மட்டுமே. ஓவியங்களைக் காணும் வாய்ப்பை அன்று.

இந்தியாவில் வாழும் மாணவர்க்கும் இது பொருந்தும். மொகஞ்சதாரோவில் கிடைத்த ‘நடன மங்கை’ என்னும் வெண்கலச் சிலை புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உயரம் 10.5 சென்டிமீட்டர் மட்டுமே. அகவையோ நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அதே அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து நடராசர் திருமேனியும் உள்ளது. பெரும்பாலான நாள்களில் இவற்றின்முன் நீண்ட வரிசை இராது. விரும்பிய அளவு நேரம் நின்று பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமில் பெரும் பொருள் செலவிட்டும் பலருக்கு எளிதில் கிடைக்காத அந்த நேரம், இங்கு எவர்க்கும் கிடைக்கிறது.

அறிந்துகொள்க

வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்றைக் கொண்டிருந்தது. அக்காலத்தில் டச்சு வணிகர் தமிழ்நாட்டுக் கடற்கரையில் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை அமைத்து, சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கி விற்றனர். 1658ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர்.

அருஞ்சொற்பொருள்

அகவை – வயது
ஒருங்கே – ஒரே இடத்தில், ஒன்றாக
இரவல் – திருப்பித் தருவதாகப் பெறுவது
குடம் – நீர் முகக்கும் கலம்
வாரியம் – ஊர்ப் பணிகளைக் கவனித்த குழு
பக்கச்சார்பு – ஒருவர் பக்கம் சாய்தல்
சாளரம் – சன்னல். இங்கு, சீட்டு விற்கும் இடம்
திருமேனி – தெய்வச் சிலை

இலக்கணம் அறிவோம்

1. சொற்கள் சேரும்போது சில இடங்களில் வல்லின மெய் தோன்றும்.
நுழைவு + சீட்டு = நுழைவுச்சீட்டு
பனி + புயல் = பனிப்புயல்

2. உயர்திணைப் பன்மை, அர், ஆர் முதலிய ஈறுகளைப் பெறும். அஃறிணைப் பன்மை, அ ஈற்றைப் பெறும்.
மக்கள் வரிசையில் நின்றனர்.
சீட்டுகள் விரைவில் தீர்ந்தன.

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. வெர்மீர் பிறந்த நகரம் ________.
2. 1972ஆம் ஆண்டு இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட அரும்பொருள்கள் ________.
3. குடவோலை முறையை விளக்கும் கல்வெட்டுகள் உள்ள ஊர் ________.

ஆ. சேர்த்து எழுதுக.
1. கலை + பொருள்   2. ஓவியம் + கூடம்   3. பள்ளி + குழு

இ. பொருத்தமான வினைமுற்றைத் தெரிந்தெழுதுக.
1. ஓவியங்கள் தத்தம் இடங்களுக்கு ________ (திரும்பினர் / திரும்பின).
2. முதியவர்கள் குளிரில் ________ (வருந்தினர் / வருந்தின).
3. தெருக்கள் பனியால் ________ (மூடப்பட்டனர் / மூடப்பட்டன).

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. ரைக்ஸ்மியூசியம் நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது ஏன்?
2. வாஷிங்டன் கண்காட்சி இடையிடையே மூடப்பட்டதற்குக் காரணங்கள் யாவை?
3. குடத்தில் ஓலையை இடும்முன் ஊரார் எவற்றை ஆராய்ந்தனர்?

உ. விரிவாக விடையளிக்க.
1. வரிசை, விலை, முன்பதிவு, குலுக்கல் ஆகிய நான்கனுள் ஒவ்வொன்றும் யாருக்கு உதவுகிறது, யாருக்கு இடையூறு செய்கிறது என விளக்குக.
2. ‘வரிசை தெருவிலிருந்து கணினித் திரைக்கு இடம்பெயர்ந்தது’ – இக்கருத்தைச் சான்றுடன் தெளிவுபடுத்துக.

ஊ. கலந்துரையாடுக.
பள்ளி ஆண்டுவிழா அரங்கில் 200 இருக்கைகள் உள்ளன. காண விரும்பும் பெற்றோர் 500 பேர். இருக்கைகளை எவ்வாறு வழங்கலாம்? குழுவாகப் பிரிந்து ஒவ்வொரு குழுவும் ஒரு முறையை முன்மொழிக. அம்முறையால் யார் வெளியே நிற்க நேரும் என்பதையும் கூறுக.

எ. செயல்பாடு
வாழும் நகரில் உள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சென்று, ஒரே ஒரு கலைப்பொருளைப் பத்து நிமிடம் பார்க்க. முதல் நிமிடத்தில் தெரியாமல் பின்னர்த் தெரிந்தவற்றை ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக.